திரையின் மேல் பாதி

சாயங்காலம் ஆனதும் ரோஹிணி வீட்டின் வாயைக் கட்டிவிடுவாள். முதலில் மின்விசிறி நிற்கும். பிறகு ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவாள். பால்கனிக் கதவைச் சாத்தி, அடியில் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி வைப்பாள். கீழே தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்பதும் உண்டு. அவளுக்குத் தீராத தலைவலி நோய் என்று அந்த வாட்ச்மேன் நினைத்துக்கொண்டிருந்தார். இத்தனையும் ஆன பிறகு சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, மகளின் ஃப்ராக் கழுத்தில் ஒரு சின்னக் காலர் மைக்கைக் குத்திவிட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள்.

திரையில் படம் ஓட ஆரம்பிக்கும். இடமிருந்து வலமாக நேரம். கீழிருந்து மேலாக அதிர்வெண். அடியில் கனத்த ஒலிகள், உச்சியில் கூர்மையான ஒலிகள். எந்த உயரத்தில் சத்தம் இருக்கிறதோ அந்த உயரத்தில் கறுப்பு படியும். சேலையூரின் சத்தம் எல்லாம் ரோஹிணிக்குப் படமாகத் தெரியும். தாம்பரம் ஸ்டேஷனை நெருங்கும் ரயிலின் ஹாரன் ஏணிப்படிகள்போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடு போடும். விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் பயிற்சி விமானம் அடியில் ஒரு சரிந்த பட்டை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் மேலே தீற்றிய மை. எந்தச் சத்தமும் இல்லாத நேரத்தில்கூட அடிமட்டத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடிக்கொண்டே இருக்கும். சுவருக்குள் ஓடும் கரண்டின் ரீங்காரம் அது. எதைப் பிடுங்கினாலும் அது மட்டும் போகாது.

சின்மயியின் குரல் திரையின் கீழ்ப் பாதியில் மட்டுமே விழுந்தது. மேல் பாதி காலி.

ஆறு வயது அவளுக்கு. கனத்த ஒலிகள் கேட்கும். கூர்மையான ஒலிகள் கேட்காது. அம்மா என்றால் திரும்புவாள், மாமா என்றால் திரும்புவாள். ச, ஷ, ஸ எல்லாம் அவளைப் பொறுத்தவரை உலகத்தில் இல்லாதவை. பெயர் வைக்கும்போது இது யாருக்கும் தெரியாது. அப்பா ஷ்யாம்சுந்தர், மகள் சின்மயி, வீடு சேலையூர். தன் பெயரை அவள் ‘இம்மயி’ என்பாள். அப்பா பெயர் ‘யாமுந்தர்’. ஊர் ‘ஏலையூர்’.

காது டாக்டர் காட்டிய ஆடியோகிராம் தாளில் கோடு பாதி தூரம்வரை சமதரையாக வந்து, அப்புறம் மொட்டை மாடி விளிம்பிலிருந்து விழுவதுபோல நேராக விழுந்தது. ஆபரேஷன் செய்யும் அளவுக்கு மோசமில்லை, மெஷின் மாட்டினால் சரியாகிவிடும் அளவுக்கு நல்லதும் இல்லை என்றார். ரெண்டுங்கெட்டான் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. ரோஹிணி தானாகச் சொல்லிக்கொண்டாள். ஷ்யாம், “பேச்சு வருமா டாக்டர்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மனசுக்குள் வந்தது துக்கம்தானா என்று அவளுக்கு இன்றுவரை நிச்சயமில்லை. ஏதோ ஒரு நிம்மதியும் அதில் இருந்தது. வந்த துன்பம் தனக்குப் படிக்கத் தெரிந்த பாஷையில் வந்திருக்கிறது என்ற நிம்மதி.

ஏனென்றால் அவள் அதைத்தான் பாடம் நடத்தினாள். வண்டலூருக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரியில் சிக்னல்ஸ் வகுப்பு. எந்த ஒலியையும் அதிலுள்ள அதிர்வெண்களாகப் பிரித்துவிடலாம், பிரித்ததைப் படமாக வரைந்துவிடலாம் என்பது அந்தப் பாடத்தின் சாரம். ஸ்பெக்ட்ரம், ஸ்பெக்ட்ரம் என்று வருஷம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்ததால் பையன்கள் அவளுக்கு டூஜி மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கு அது உள்ளூரப் பிடித்திருந்தது. மகளுக்காக வேலையை விட்டபோது கடைசி நாள் கேக்கில்கூட அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

வாரம் இரண்டு நாள் கேம்ப் ரோட்டில் இருந்த பேச்சுப் பயிற்சி மையத்துக்குச் சின்மயியைக் கூட்டிப்போவாள். தெரபிஸ்ட் மெஹ்னாஸ், சிரித்த முகம், நிதானமான பெண். திரை வைத்து வீட்டில் பயிற்சி தரப்போவதாக ரோஹிணி சொன்னபோது அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

“நல்லதுதான் அக்கா. ஆனா அதையே புடிச்சுக்காதீங்க. உங்க மூச்சு அவ கையில படணும். உங்க வாய அவ பாக்கணும். நீங்களும் அவ வாயப் பாக்கணும்.”

“வாயப் பார்த்தா எப்படித் தெரியும் மெஹ்னாஸ்? ஃப்ரீக்வென்ஸி கன்டென்ட் வந்துச்சா இல்லயான்னு ஸ்க்ரீன்லதான் தெரியும்.”

மெஹ்னாஸ் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினாள். அந்தச் சிரிப்பு ரோஹிணிக்கு உறுத்தியது. தன்னைவிடப் பத்து வயது சின்னவள், காது மெஷினுக்குள் என்ன கணக்கு ஓடுகிறது என்று தெரியுமோ தெரியாதோ என்று நினைத்துக்கொண்டாள். இப்படி நினைக்கிற பழக்கம் தனக்கு எப்போது வந்தது என்று கேட்டுக்கொள்ளவும் செய்தாள். பதில் வருவதற்குள் வேறு வேலை வந்துவிட்டது.

ஷ்யாமுக்கு நாவலூரில் வேலை. அவனுடைய அலுவலகத்தில் யாரோ சொல்லி, கேளம்பாக்கத்தைத் தாண்டி ஒரு சின்னப் பள்ளிக்கு ஒரு சனிக்கிழமை மூவரும் போனார்கள். அங்கே சைகை மொழியில் பாடம். ரோஸி என்ற டீச்சருக்கே காது கேட்காது. அவள் சின்மயியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலைத் தன் கன்னத்தில் வைத்து ஒரு திருகு திருகினாள். சின்மயியின் கன்னக்குழி. இனிமேல் இதுதான் உன் பெயர் என்றாள், கையால். சுற்றி நின்ற குழந்தைகள் எல்லோரும் கன்னத்தில் விரலை வைத்துத் திருகி அவளைக் கூப்பிட்டார்கள். சின்மயி ஒவ்வொருவராகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இத்தனை பேர் கூப்பிட்டு, அத்தனையும் அவளுக்குத் தெரிந்தது அதுதான் முதல் தடவை.

திரும்பும் வழியெல்லாம் கார் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக் கன்னத்தைத் திருகிக்கொண்டே வந்தாள்.

“அங்க சேர்த்தா அவ பேசவே மாட்டா,” என்றாள் ரோஹிணி.

“அங்க அவ பேசிட்டுதான் இருந்தா ரோ. நீ பார்க்கல.”

“பேர்னா வாயால சொல்றது ஷ்யாம்.”

அவன் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். மேடவாக்கம் சிக்னலில் நின்றபோது அவள்தான் மறுபடி ஆரம்பித்தாள். “ஜூன் வரைக்கும் டைம் குடு. நம்ம ஏரியா ஸ்கூல்லயே பேசிட்டேன். குழந்தை தன் பேரு, அப்பா பேரு, ஊர் பேரு சொன்னாப் போதும், எடுத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க.”

“சொல்லலன்னா?”

“சொல்லுவா.”

“சொல்லலன்னா கேளம்பாக்கம். சரியா?”

சரி என்றாள். பின்னால் சின்மயி என்ன பேசுகிறீர்கள் என்று கேட்பதுபோலத் தோளைத் தட்டினாள். “ஒண்ணுமில்ல கண்ணு. அப்புறம் சொல்றேன்,” என்றாள் ரோஹிணி. சின்மயியிடம் அந்த வீட்டில் அதிகம் சொல்லப்பட்ட வாக்கியம் அது. உறவினர் கூடிச் சிரிக்கும்போது, டிவியில் யாரோ அழும்போது, அம்மாவும் அப்பாவும் குரலை உயர்த்தும்போது, குழந்தை எல்லோர் முகத்தையும் பார்த்து என்ன, என்ன என்று கேட்கும். ஒண்ணுமில்ல. அப்புறம் சொல்றேன். அந்த அப்புறம் வந்ததில்லை.

பயிற்சி தொடங்கியது. ரோஹிணி ‘சின்மயி’ என்று சொல்வாள். திரையில் முதலில் மேலே ஒரு சின்ன மேகம், அதற்குப் பின் கீழே பட்டைகள். அந்த மேகத்தை விரலால் தொட்டுக் காட்டுவாள். இதுதான் உன்னிடம் இல்லை. இதைக் கொண்டு வா. குழந்தை சொல்வாள், பட்டைகள் மட்டும் வரும். மறுபடி. மறுபடி. சின்மயிக்குத் திரையைவிட அம்மாவின் முகம் நன்றாகப் படிக்கத் தெரியும். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு அதைத்தான் பார்ப்பாள். ரோஹிணி கோபப்பட்டதில்லை, அடித்ததில்லை. ஆனால் திரையைப் பார்த்துவிட்டு அவள் விடும் மூச்சு ஒன்று இருந்தது. காது கேட்காத குழந்தைக்கும் அது கேட்டது.

மேகம் வந்த அன்று மழைக்காலம் முடிந்திருந்தது. சின்மயி கழுத்து அரித்ததுபோல மைக்கைத் தொட்டாள், ‘இம்மயி’ என்றாள். திரையின் மேல் பாதியில் கறுப்பாக ஒரு மேகம் விழுந்தது. அதற்குப் பின்னால் ஒழுங்காகப் பட்டைகள். பாடப் புத்தகத்தில் போடலாம் போன்ற படம்.

ரோஹிணி கத்திவிட்டாள். மகளை வாரி எடுத்து நெஞ்சோடு அழுத்தி, கன்னம், நெற்றி, மெஷின் மாட்டிய காது எல்லாவற்றிலும் முத்தம் கொடுத்தாள். கை தட்டினாள். அப்புறம் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சின்மயி சமையலறை வாசற்படியில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, இன்னொரு மேகம் வரவைத்தாள்.

அன்று முதல் மேகம் தவறியதில்லை. சின்மயி, ஷ்யாம்சுந்தர், சேலையூர் என்று எதைக் கேட்டாலும் முதலில் மேகம். ரோஹிணி ஒவ்வொரு படத்தையும் சேமித்து வைத்தாள். நல்லவற்றை மெஹ்னாஸுக்கு அனுப்பினாள். குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்த நாத்தனாருக்கும் ஒன்று அனுப்பினாள், அவள் அதை ஸ்கேன் ரிப்போர்ட் என்று நினைத்துக்கொண்டு, “என்ன வியாதி?” என்று பதறிப் போன் செய்தாள்.

மெஹ்னாஸ்தான் இழுத்தாள். “இங்க வரும்போது ‘ச’ வரலியே அக்கா.”

“அங்க வந்தா வெட்கப்படறா. வீட்டுல நல்லா வருது. படம் பார்த்தீங்கல்ல?”

“படம் நல்லாதான் இருக்கு. ஒரு ஆடியோ அனுப்புங்களேன். கேக்கறேன்.”

ரோஹிணி அனுப்பவில்லை. படத்தை நம்பாதவளுக்கு எதை அனுப்பி என்ன? படம் பொய் சொல்லாது. காதுதான் சொல்லும், ஆசைக்கு ஏற்ற மாதிரி கேட்கும். இதை அவள் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

ஒருநாள் ஷ்யாம் சீக்கிரம் வந்துவிட்டான். அவர்கள் பின்னால் பையைத் தோளில் மாட்டியபடியே நின்றான். திரையில் மூன்று மேகங்கள் வரிசையாக விழுந்தன. ரோஹிணி திரும்பாமலே, “பார்த்தியா?” என்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, “காபி போடட்டுமா?” என்றான். அவன் குரலில் ஒரு குழைவு இருந்தது. தோற்றவனின் பெருந்தன்மை என்று அவள் அதற்குப் பெயர் வைத்துக்கொண்டாள். அந்த நாட்களில் அவனும் சின்மயியும் பால்கனியில் போனை வைத்துக்கொண்டு எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். விளையாடுகிறார்கள் என்று விட்டுவிட்டாள். ஜெயித்துக்கொண்டிருப்பவளுக்கு அதையெல்லாம் கவனிக்க என்ன இருக்கிறது.

பள்ளியில் கூப்பிட்ட நாளன்று ஷ்யாமுக்கு ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ், வர முடியாது என்றான். வழக்கமாக வரும் துளசிங்கத்தின் ஆட்டோவில் கிளம்பினார்கள். சின்மயிக்குப் புது ஃப்ராக். வழி முழுவதும் கண்ணாடியில் துளசிங்கத்தைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

“பாப்பா கையாலயே பேஸிகினு வருது மேடம்,” என்றான் அவன். “எனுக்கும் ரெண்டு கத்துக் குட்துகீது. இத்தோ, இது தண்ணி. இது ஆட்டோவாம். நம்ம ஆட்டோவுக்கு கையில இவ்ளோ அழகா பேரு கீதுன்னு எனுக்கே தெரியாது.”

“சும்மா விளையாடறா. ரோட்டப் பார்த்து ஓட்டுங்க.”

“இன்னிக்கி இன்னா மேடம், பரீட்சையா?”

“பரீட்சையெல்லாம் இல்ல. சும்மா பேசுவாங்க.”

பள்ளியிலும் அப்படித்தான் சொன்னார்கள். பிரின்சிபால் அமலராணி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “இது இன்டர்வியூ இல்ல மிஸஸ் ஷ்யாம். ஜஸ்ட் இன்டராக்‌ஷன்,” என்றார். குழந்தை பக்கம் குனிந்து, வாயை நன்றாகத் திறந்து கேட்டார். “உன் பேர் என்னம்மா?”

சின்மயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வலது கை கழுத்துக்குப் போனது. புது ஃப்ராக்கின் காலரை, மைக் இருக்கவேண்டிய இடத்தை, ஆள்காட்டி விரல் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினாள். பிறகு, “இம்மயி,” என்றாள்.

அன்றைக்குத்தான் ரோஹிணி மகளைக் கேட்டாள். பார்ப்பதற்கு எதுவும் இல்லாததால் கேட்டாள்.

“இன்னொரு தடவை சொல்லும்மா. மெதுவா.”

சின்மயி இன்னும் பலமாகச் சுரண்டினாள். துணி கிழிந்துவிடுமோ என்பதுபோல. “இம்மயி.” முகம் மலர்ந்து அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கைதட்டலுக்குக் காத்திருந்தாள்.

“அப்பா பேர்?”

சுரண்டல். “யாமுந்தர்.”

“கழுத்துல ஏதாவது அரிக்குதா பாருங்க,” என்றார் அமலராணி அக்கறையோடு. “புதுத் துணி சில குழந்தைகளுக்கு ஒத்துக்காது.”

ரோஹிணி அந்தக் காலரையே பார்த்தாள். அந்த நகம் முதல் தடவை மைக்கைத் தொட்ட சாயங்காலம் முழுசாகத் திரும்பி வந்தது. உதட்டுக்கு எட்டாத ஒலி நகத்துக்கு எட்டியது. கொண்டு வா, கொண்டு வா என்று அம்மா கேட்ட மேகத்தைக் குழந்தை கொண்டுவந்துவிட்டாள். அதற்கு முத்தம் கிடைத்தது, கைதட்டல் கிடைத்தது. அம்மா மூச்சு விடுவது நின்றது. அதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? வகுப்பில் உட்கார்ந்த நூறு பையன்களில் ஒருவன் இதைச் செய்திருந்தால் கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டியிருப்பாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த முகம் மலரவில்லை என்பதைச் சின்மயி கண்டுகொண்டாள். தன்னிடம் இருந்த அடுத்த வழியை எடுத்தாள். விரலைக் கன்னத்தில் வைத்துத் திருகினாள். ஒரு தடவை, புரியாதவர்களுக்குச் சொல்வதுபோல மெதுவாக இன்னொரு தடவை.

“என்ன பண்றா?”

“ஒண்ணுமில்ல மேடம்,” என்றாள் ரோஹிணி. அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் பலமாகவே அழுத்திவிட்டாள். குழந்தையின் கண் அவள் முகத்தில் எதையோ தேடியது.

“ரொம்ப ப்ரைட் சைல்டு,” என்றார் அமலராணி. “ஆனா எங்க டீச்சர்ஸுக்கு இதுக்கு ட்ரெய்னிங் கெடையாதும்மா. எடுத்துட்டு நாளைக்கு நீங்களே வந்து வருத்தப்படற மாதிரி ஆயிடக் கூடாது. அடுத்த வருஷம் பார்க்கலாமே.” மேஜைமேல் இருந்த டப்பாவிலிருந்து ஒரு சாக்லேட் எடுத்துக் கொடுத்தார். சின்மயி அதை வாங்கிக்கொண்டு ஏதோ ஜெயித்தவள்போல நடந்து வந்தாள்.

துளசிங்கம் கண்ணாடியில் ரோஹிணியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோவைக் கிளப்பினான்.

வீட்டுக்கு வந்து, எதையும் நிறுத்தாமல், ஃபேன் ஓட, ஃப்ரிட்ஜ் ஓட, லேப்டாப்பைத் திறந்தாள். மைக்கைத் தன் புடவைத் தலைப்பில் குத்தி நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினாள். சுரண்டிய சத்தம் காதில் விழவே இல்லை. திரையின் மேல் பாதியில் கறுப்பாக மேகம் விழுந்தது.

சேமித்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். இப்போது தெரிந்தது. மேகம் வார்த்தையைவிட்டுக் கொஞ்சம் விலகி நின்றது. சில படங்களில் வார்த்தை முடிந்த பிறகும் ஒரு திட்டு இருந்தது, விரலை எடுக்கும்போது உரசியது. முதல் பரீட்சையிலேயே தோற்றுப்போகிற தப்பு. ‘படத்துல எவ்வளவு இருக்குன்னு மட்டும் பார்க்காதீங்க, எங்கேருந்து வந்துச்சுன்னு கேளுங்க. ரெண்டு வேற வேற ஆளுக்கு ஒரே நிழல் விழலாம்.’ போர்டில் கோடு போட்டு அவளே நடத்திய பாடம். ஏன் தெரியவில்லை? அவளுக்கு மகளின் பேச்சில் இல்லாததை நிரப்பிக் கேட்டே பழக்கம். ‘இம்மயி’ என்று காதில் விழுந்ததும் மனசு ஒரு ‘ச்’சைப் போட்டுக்கொண்டது. அதுவும் ஒரு சாக்குதான் என்று தோன்றியது. உண்மை அதைவிட மோசம். இந்த மாதங்களில் அவள் மகளின் வாயை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. மேல் பாதி நிரம்ப வேண்டும் என்பதே அவளுக்கு வேண்டியிருந்தது. சுவரில் இருக்கும் ஈரத் திட்டை யாராவது வெள்ளையடித்தால் போதும் என்பதுபோல.

ஷ்யாம் வெயில் தாழ்ந்த பிறகு வந்தான். பள்ளியில் நடந்ததைச் சாக்லேட் வரைக்கும் போனில் முன்பே சொல்லியிருந்தாள். ஷூவைக் கழற்றக் குனிந்தவனிடம் கேட்டாள்.

“காலர் விஷயம் உனக்குத் தெரியுமா?”

அவன் ஒரு ஷூவைக் கழற்றி, சாக்ஸை அதற்குள் திணித்து, ஓரமாக வைத்தான். “தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

“அன்னிக்கி சீக்கிரம் வந்தேனே. நீ ஸ்க்ரீனப் பார்த்துட்டு இருந்த. நான் அவளப் பார்த்தேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா என்ன பண்ணியிருப்ப? காலர் மைக் வேண்டாம்னு ஸ்டாண்ட் மைக் வாங்கியிருப்ப.”

அது அவ்வளவு சரியாக இருந்ததால் அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “அதனால அங்க போய் அவமானப்படட்டும்னு விட்டுட்ட.”

“அவ எங்க அவமானப்பட்டா? சாக்லேட் சாப்பிட்டுட்டு இருக்கா. நீதான் பட்ட.”

“ரிலீஸெல்லாம் ஒண்ணும் இல்ல. இது நடக்கணும்னு காத்துட்டு இருந்த. நடந்தா கேளம்பாக்கம்.”

அவன் உடனே மறுக்கவில்லை. அந்த நேர்மையை அவள் அப்போது வெறுத்தாள். “காத்துட்டுதான் இருந்தேன்,” என்றான். “ஆனா அன்னிக்கி நீ சிரிச்ச ரோ. இந்த வீட்டுல நீ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு. அதையும் கெடுக்க மனசு வரல. ரெண்டும்தான்.”

ரெண்டும்தான். கலந்ததைப் பிரித்துக் காட்டுவதுதான் அவள் படித்த படிப்பு. எவ்வளவு இரக்கம், எவ்வளவு தந்திரம்; இது இந்த உயரத்தில், அது அந்த உயரத்தில் என்று இவனைப் பிரிக்க முடியவில்லை. தன்னையும் முடியவில்லை. மகளுக்காக என்று நினைத்ததில் டூஜி மேடம் எவ்வளவு, அம்மா எவ்வளவு?

அப்போது சின்மயி உள்ளேயிருந்து வந்தாள். உடையை மாற்றியிருந்தாள். பயிற்சி நேரம் ஆகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அம்மா மறந்துவிட்டாள்போல என்று தானே போய் ஃபேனை நிறுத்தினாள். ஃப்ரிட்ஜின் பிளக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடுங்கினாள். பால்கனிக் கதவடியில் துண்டைச் சுருட்டி வைத்தாள். நாற்காலியில் ஏறி, மேஜைமேல் கிடந்த மைக்கைத் தன் கழுத்தில் குத்திக்கொண்டு, நகத்தால் சுரண்டினாள்.

“இம்மயி.”

மேலே மேகம். கீழே பட்டைகள். அம்மாவைப் பார்த்தாள்.

கை தட்டினால் பொய். தட்டாவிட்டால் தண்டனை. ரோஹிணியின் கைகள் மடியில் கிடந்தன. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சின்மயி அப்பா பக்கம் திரும்பிக் கைகளைத் தூக்கினாள். விரல்கள் விரிந்தன, மடங்கின, நெஞ்சைத் தொட்டன, அம்மா இருந்த திசையில் ஒரு தடவை நீண்டன. ஷ்யாம் சுவரில் சாய்ந்தபடி கையால் பதில் சொன்னான். அவன் கைகளில் தடுமாற்றம் இருந்தது. அவள் அவன் விரலைப் பிடித்துத் திருத்திவிட்டு மேலே பேசினாள். கேள்வி கேட்டாள். பதில் வந்ததும் தலையாட்டினாள். இன்னொரு கேள்வி. இவ்வளவு நீளமாக மகள் பேசி ரோஹிணி பார்த்ததில்லை. பால்கனியில் இத்தனை நாளாக நடந்தது இதுதான்.

மைக் சின்மயியின் கழுத்தில்தான் இருந்தது. திரை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் எதிரும் புதிருமாகப் பேசிக்கொண்டிருக்க, அதில் மேலேயும் எதுவும் விழவில்லை, கீழேயும் விழவில்லை. அடிமட்டத்தில் கரண்டின் மெல்லிய கோடு மட்டும்.

சின்மயி ஏதோ சொன்னாள். ஷ்யாமின் முகம் மாறியது. அவன் ரோஹிணியை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டான்.

“என்ன சொல்றா?” என்றாள் ரோஹிணி.

“ஒண்ணுமில்ல,” என்றான் அவன். “அப்புறம் சொல்றேன்.”

அவள் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜின் பிளக்கை மாட்டினாள். மேஜைமேல் யாரும் பார்க்காத திரையில் அந்த அடிக்கோடு கொஞ்சம் தடித்தது.